ஈமேக்ஸில் எட்டு வருடம்: அறுபது ஷார்ட்கட்டில் மிஞ்சியது பதினொன்று

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து தமிழ் மெய்ப்புப் பார்ப்பதும், இடையிடையே சின்னச் சின்ன நிரல் எழுதுவதும் என் பிழைப்பு. இரண்டுக்கும் 2017 முதல் ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்திதான் (டெக்ஸ்ட் எடிட்டர்). விசைகளை மாற்றிக்கொள்வது பற்றிப் படித்த குறிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் தட்டுகிறவர்களுக்கானவை. தமிழ் தட்டுகிறவனுக்கு முதல் தொல்லையே வேறு.

முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் காலத்திலிருந்தே என் விரல்களுக்குத் தமிழ்99 விசைப்பலகை பழக்கம். (முத்து நெடுமாறனின் முரசு வந்ததும் குனு ஈமேக்ஸ் வந்ததும் ஒரே ஆண்டு, 1985!) லினக்ஸில் தமிழ்99 பலகையை வைத்துக்கொண்டு கோப்பைச் சேமிக்க கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால், கன்ட்ரோலோடு 'ஓ' வருகிறது, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஈமேக்ஸ் சொல்லிவிடும். அந்தப் பலகையில் எக்ஸ் இருக்கும் இடம் 'ஓ'. சேமிக்க ஆங்கிலத்துக்கு மாறு, எழுதத் தமிழுக்கு வா. இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன்.

தீர்வு ஈமேக்ஸுக்குள்ளேயே இருந்தது. கணினியை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, ஈமேக்ஸின் சொந்த உள்ளீட்டு முறையை கன்ட்ரோல்-பேக்ஸ்லாஷ் போட்டு இயக்க வேண்டும். எழுத்து தமிழில் விழும், கட்டளைகள் அப்படியே வேலை செய்யும், தேடும்போதும் தமிழிலேயே தேடலாம். தமிழ்99 விதிகளை நானே ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டேன். 'க' இரண்டு முறை தட்டினால் 'க்க' வரவேண்டும் என்பது போன்ற புள்ளி விதிகளுக்கே ஒரு சனி ஞாயிறு போனது. பேக்ஸ்லாஷ் எனக்குத் தூரம் என்பதால் அந்த மாற்றத்தை எஃப்6இல் வைத்தேன். எஃப்5 முதல் எஃப்9 வரை பயனருக்கென்றே ஒதுக்கியவை.

அடுத்தது கன்ட்ரோல்-டி. 'கொ' என்ற எழுத்தின் முன் நின்று அதை அழுத்தினால் 'க' மட்டும் போய், கொம்பும் காலும் அநாதையாக நிற்கும். டெலீட் விசையோ, 2023இல் வந்த 29ஆம் பதிப்பிலிருந்து, முழு எழுத்தையும் அழிக்கிறது. அந்த டெலீட்டின் கட்டளையையே கன்ட்ரோல்-டிக்கும் கொடுத்தேன். ஒரே வரி. எட்டு வருடத்தில் நான் செய்த மாற்றங்களில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மற்றவை அவ்வளவு பெருமைக்குரியவை அல்ல. ஆர்வக்கோளாறில் அறுபது ஷார்ட்கட் வரை சேர்த்தேன். கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-டி என்பதில் தேதி போடும் கட்டளையை வைத்திருந்தேன். குறிப்பும் பணிப்பட்டியலும் எழுதும் ஆர்க் (Org) மோடில், அதாவது அந்த வகைக் கோப்புக்கென்று ஈமேக்ஸ் மாறிக்கொள்ளும் நிலையில், அதே விசைக்கு வேறு வேலை. என் கணக்கில் டி என்றால் டேட்; அங்கேயோ அது நேரக்கெடு (டெட்லைன்) வைக்கும் விசை. வாடிக்கையாளருக்குப் போன கோப்பில் தலைப்பின் கீழ் ஒரு நேரக்கெடு ஒட்டிக்கொண்டு போய், அவர் பதறிப் போன் செய்தார். கன்ட்ரோல்-சிக்குப் பின் வெறும் எழுத்து ஒன்று என்றால் அது பயனருக்கு உரியது, எந்த மோடும் தொடக்கூடாது என்ற விதியை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன்.

அப்புறம் ஒரு நாள், கூட வேலை செய்யும் தம்பி கேட்டான்: "எல்லாத்தையும் மாத்தி வச்சிருக்கீங்களே அண்ணே, வேற கம்ப்யூட்டர்ல உக்காந்தா எப்படி?" அந்த மாதமே ஒரு சர்வரில் வெறும் ஈமேக்ஸோடு மல்லுக்கட்டி அசடு வழிந்தேன்.

கன்ட்ரோல்-எச் எல் அழுத்தினால் கடைசியாகத் தட்டிய 300 விசைகளைக் காட்டும். ஒரு வாரம் தினமும் மாலை தே தாரிக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். நான் உண்மையில் அழுத்துவது எது என்று தெரிந்தது. தொடாததை எல்லாம் அழித்தேன். மிஞ்சியது பதினொன்று. ஈமேக்ஸுக்கு வெளியே செய்தது ஒன்றுதான்: கேப்ஸ் லாக்கை கன்ட்ரோலாக்கினேன். இடது சுண்டுவிரல் வலி போய்விட்டது.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. ஈமேக்ஸில் கன்ட்ரோல்-டபிள்யூ என்றால் வெட்டுவது, பிரௌசரில் அதுவே டேபை மூடுவது. போன வாரம்கூட பாதி எழுதிய மின்னஞ்சல் ஒன்று அப்படித்தான் போனது.