அச்சை எண்ணி வெள்ளியை அளக்க முடியுமா?

பண்டைய ஏதென்ஸின் வெள்ளி ஆந்தை நாணயங்கள் (முகப்பில் அதீனா தெய்வத்தின் தலை, பின்பக்கம் ஆந்தை) இரண்டின் படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் அதீனாவின் தலைக்கவசக் குஞ்சம் முழுக்க விளிம்புக்கு வெளியே போய்விட்டது. மற்றதில் குஞ்சம் கொஞ்சம் இருக்கிறது, மூக்கு நுனி இல்லை. வேறு வேறு அச்சு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இரண்டிலும் காதணிக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு மேடாகத் தெரிகிறது. அது அச்சில் விழுந்த விரிசல். கவசத்தின் மேலுள்ள மூன்று ஒலிவ இலைகளின் இடைவெளியையும் ஒப்பிட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்: இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை. அச்சு பெரியது, வெள்ளி வில்லை சிறியது. அதனால் அடிக்கு அடி அச்சின் வேறொரு பகுதி பதிந்திருக்கிறது.

நாணய ஆய்வாளர் இம்ஹோஃப் புளூமர் 1878இல் கிரேக்கத்தின் அகர்னானியா வட்டார நாணயங்களுக்கும், எரிக் போரிங்கர் 1929இல் சிசிலியின் சிராகூஸ் நகர நாணயங்களுக்கும் செய்தது இந்தப் பொறுமையான வேலையைத்தான். பட்டறைக் கல்லில் பதித்த அடியச்சு முகப்பைத் தரும். கையில் பிடித்துச் சுத்தியலால் அடிக்கும் மேலச்சு பின்பக்கத்தைத் தரும். அடி வாங்கும் மேலச்சு சீக்கிரம் உடையும் என்பதால் கணக்கு அடியச்சின் பேரில்தான் நடக்கும்.

மொத்தம் எத்தனை நாணயம் அடித்தார்கள் என்று கேட்டால் இரண்டு படி ஏற வேண்டும். கிடைத்த நாணயங்களிலிருந்து, அன்று இருந்த அச்சுகள் எத்தனை என்று மதிப்பிடுவது முதல் படி. ஓர் அச்சுக்கு எத்தனை நாணயம் என்று பெருக்குவது இரண்டாம் படி. இரண்டிலும் போட்டி வழிகள் உண்டு. என் நம்பிக்கை முதல் படியோடு நின்றுவிடுகிறது.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம்: கையில் 100 நாணயம், அவற்றில் அடையாளம் கண்ட அடியச்சு 40. எல்லா அச்சும் ஏறக்குறைய ஒரே அளவு உழைத்தன என்று கொண்டால் மொத்த அச்சு சுமார் 45 என்று வரும். 1983இல் கார்ட்டர் தந்த எளிய சூத்திரம் அச்சுகளின் ஆயுள் ஓரளவு மாறுபடும் என்று கொள்கிறது. அதில் சுமார் 56. மூன்றாவது, வாரன் எஸ்டி முன்வைக்கும் பெருக்குத் தொடர் மாதிரி. சில அச்சுகள் முதல் நாளே உடைந்தன, சில பல மாதம் தாங்கின என்று அது எடுத்துக்கொள்கிறது. நாணய எண்ணிக்கையையும் அச்சு எண்ணிக்கையையும் பெருக்கி, இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் போதும்: 4,000 வகுத்தல் 60, சுமார் 67.

எனக்கு மூன்றாவதே சரியாகப் படுகிறது. உலோகத்தில் கையால் செதுக்கிய அச்சுகள் எல்லாம் ஒரே சீராக உழைத்திருக்கும் என்று எந்தப் பட்டறைக்காரரும் ஒப்ப மாட்டார். சமமாக உழைத்தன என்ற கணக்கு, சீக்கிரம் செத்த அச்சுகளை மறந்துவிடுகிறது. அவைதான் நம் கைக்கு ஒரு நாணயம்கூட வந்து சேராத அச்சுகள்.

இவற்றோடு புள்ளியியலாளர் ஐ. ஜே. குட் 1953இல் வெளியிட்ட வழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் மூலக் கருத்து கணிதவியலாளர் ஆலன் டூரிங்குடையது. அது அச்சை எண்ணுவதில்லை. ஒரே ஒரு நாணயம் மட்டும் கிடைத்த அச்சுகள் 15 என்றால், அன்று அடித்த நாணயங்களில் சுமார் 85 சதவீதம் நமக்குத் தெரிந்த அச்சுகளிலிருந்தே வந்தவை என்கிறது. இந்த எண்ணைத் தராத ஆய்வை நான் அரைகுறை என்றே கொள்கிறேன்.

எந்தச் சூத்திரமும் புதையலிடம் ஏமாறும். 1984இல் துருக்கியின் எல்மலி அருகே சுமார் 1,900 வெள்ளி நாணயங்கள் ஒரே குவியலாகக் கிடைத்தன. ஏதென்ஸின் அரிய பத்து டிராக்மா (டிராக்மா என்பது கிரேக்கப் பண அலகு) நாணயம் அதுவரை உலகம் முழுக்க ஒரு டஜன் சொச்சம்தான் தெரிந்திருந்தது. அந்த எண்ணிக்கை ஒரே நாளில் ஏறக்குறைய இரட்டிப்பானது. நாணயம் அடிக்கும் அக்கசாலையிலிருந்து நேரே மண்ணுக்குப் போன குவியல் என்றால், ஒரே அச்சின் பிள்ளைகள் கும்பலாக வரும். நாணயம் கூடும், அச்சு கூடாது, மதிப்பீடு தாழ்ந்துவிடும்.

இரண்டாம் படிக்கு வருவோம். ரோமக் குடியரசின் வெள்ளி நாணயமான டெனாரியஸுக்கு மைக்கேல் கிராஃபோர்ட் ஓர் அடியச்சுக்கு 30,000 நாணயம் என்றார். கிரேக்க வெள்ளிக்கு ஃபிரான்சுவா தெ கலத்தாய் 20,000 என்கிறார். 1990களில் நாணய ஆய்வாளர் பட்ரி இந்தப் பெருக்கலே கூடாது என்று கடுமையாக எழுதினார். செதுக்கிய அச்சைத் தேயும் வரை பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெள்ளி தீர்ந்தால் வேலை நின்றிருக்கும் என்பது அவர் பக்க நியாயம். 1963இல் டேவிட் செல்வுட் தானே அடித்துச் செய்த சோதனை, ஓர் அடியச்சு பத்தாயிரத்தைத் தாண்ட முடியும் என்று காட்டியது. முடியும் என்பது வேறு, தாண்டியது என்பது வேறு. பண்டைய சாட்சியென்று சொல்ல கிரேக்கக் கோயில் தலமான டெல்ஃபி இருக்கிறது. கி.மு. 336 வாக்கில் பழைய காசுகளை உருக்கிப் புதிதாக அடித்த கணக்கு அங்கே கல்வெட்டில் நிற்கிறது. அதிலும் உருக்கிய வெள்ளியில் எவ்வளவு பெரிய காசானது, எவ்வளவு சில்லறையானது என்று நாம் ஊகிப்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

நம் 100 நாணயத்துக்கே போட்டுப் பாருங்கள். 45 அச்சு, அச்சுக்கு 10,000 என்றால் 4,50,000 நாலு டிராக்மா நாணயம். டாலந்து என்ற அன்றைய பெரிய பண அலகு ஒன்றுக்கு இந்த நாணயம் 1,500 என்பதால் 300 டாலந்து. 67 அச்சு, அச்சுக்கு 30,000 என்றால் 1,340 டாலந்து. கி.மு. 431இல் ஏதென்ஸின் நட்பு நாடுகள் ஆண்டுக்குக் கட்டிய கப்பம் சுமார் 600 டாலந்து என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். ஒரு முடிவு அதில் பாதி, இன்னொன்று இரண்டு மடங்குக்கும் மேல். இதை வைத்து ஒரு நகரத்தின் பொருளாதாரத்தை எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

தெ கலத்தாய் வழியில் நான் மனமார ஏற்பது அவர் செய்யும் ஒப்பீட்டை. ஆண்டுக்கு எத்தனை அடியச்சு என்று மட்டும் கணக்கிட்டு அரசுகளை அருகருகே வைக்கும்போது 20,000மா 30,000மா என்ற சண்டை பெரும்பாலும் அடிபட்டுப்போகும், இரு பக்கமும் அதே எண்ணால் பெருகுவதால். 1961இல் மார்கரெட் தாம்சன் வெளியிட்ட ஏதென்ஸின் பிற்கால ஆந்தைகள் இதற்கு நல்ல களம். அந்த நாணயங்களில் அதிகாரிகளின் பெயர் இருக்கிறது, ஆந்தை நிற்கும் சாடியின் மேல் மாதத்தைக் குறிக்கும் எழுத்தும் இருக்கிறது. எந்த ஆண்டில் அக்கசாலை மாதாமாதம் ஓடியது, எந்த ஆண்டில் சில மாதங்களோடு நின்றது என்பதை அச்சுகளை எண்ணியே படிக்கலாம்.