இரண்டாம் இடத்தைத் தாண்டாத குழு, பட்டியலை விட்டு இறங்காத தொகுப்பு

பார்க்கும் பொருள்: க்ரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் (சிசிஆர்) என்ற அமெரிக்க ராக் குழுவின் 'க்ரானிக்கிள்'. 1976-இல் ஃபேன்டஸி நிறுவனம் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. 20 பாடல்கள், 68 நிமிடம். குறுந்தகடாக வந்தபோது எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டன.

சிசிஆர் என்றாலே பலர் கேட்டிருப்பது இந்த ஒரு தொகுப்பைத்தான். இது அந்தக் குழுவின் சிறந்த 20 பாடல்கள் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். அது சரியல்ல. 1968 முதல் 1972 வரை அமெரிக்காவில் பில்போர்டு இதழ் வாராவாரம் வெளியிடும் ஹாட் 100 பாடல் பட்டியலில் தலைகாட்டிய பாடல்களை, சிங்கிளாக (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு தட்டாக) வெளிவந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். கூடவே, குழு கலைந்த பிறகு 1976-இல் வெளியான ஒன்றும் இருக்கிறது. தேர்வுக்கு அளவுகோல் ருசி அல்ல, தரவரிசை. 'ப்ரவுட் மேரி' சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த 'பார்ன் ஆன் த பேயூ' இந்தக் குழுவின் அடையாளப் பாடல்களில் ஒன்று. ஆனால் பட்டியலில் தனியாக ஏறவில்லை. அதனால் தொகுப்பில் இல்லை. 'பேட் மூன் ரைசிங்'கின் மறுபக்கமான 'லோடை' 52-ஆம் இடம் வரை வந்தது. அதனால் உள்ளே வந்துவிட்டது. இந்த விதி தெரிந்துவிட்டால், 'இது ஏன் இருக்கிறது, அது ஏன் இல்லை' என்ற கேள்வியே எழாது.

பட்டியல் கதையைச் சொல்லாமல் இந்தக் குழுவைப் பற்றிப் பேச முடியாது. ஐந்து சிங்கிள்கள் 2-ஆம் இடம் வரை போய் நின்றன. முதலிடம் ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. 1969 மார்ச்சில் 'ப்ரவுட் மேரி'யை முதலில் ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் மறித்தது, பிறகு டாமி ரோவின் 'டிஸ்ஸி'. ஜூனில் 'பேட் மூன் ரைசிங்' முதலிடத்தை எட்டும் நேரத்தில் ஹென்றி மான்சினியின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' இசை வழியில் உட்கார்ந்திருந்தது. 'க்ரீன் ரிவர்' தோற்றது 'சுகர், சுகர்' என்ற பாட்டிடம். அதைப் பாடிய ஆர்ச்சீஸ், கார்ட்டூன் தொடருக்காக உருவாக்கப்பட்ட குழு. இதைவிடப் பெரிய அவமானம் ஒரு ராக் குழுவுக்கு இருக்க முடியாது. 1970-இல் 'ட்ராவலின் பேண்ட்'டுக்குக் குறுக்கே நின்றது சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்டு வாட்டர்'. 'லுக்கின் அவுட் மை பேக் டோர்' டயானா ராஸிடம் தோற்றது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 1969 செப்டம்பரில் 'பேட் மூன் ரைசிங்' மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 1969 நவம்பர் கடைசி வரை, ஒரு சிங்கிளின் இரண்டு பக்கங்களையும் பில்போர்டு தனித்தனியாக எண்ணியது. 'க்ரீன் ரிவர்' 2-ஆம் இடத்துக்குப் போனபோது அதன் மறுபக்கமான 'கமோஷன்' தனியாக 30-ஐத் தொட்டது அப்படித்தான். பிறகு இரண்டு பக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே இடம் கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த மாற்றத்தின் நடுவில் மாட்டிக்கொண்டது 'டவுன் ஆன் த கார்னர்' – 'ஃபார்ச்சுனேட் சன்' சிங்கிள். 'ஃபார்ச்சுனேட் சன்' தனியாக 14 வரை வந்திருந்தது. சேர்த்து எண்ணியதும் இரண்டும் 3-ஆம் இடத்துக்குப் போயின. ஆகவே ஒரே பாட்டுக்கு ஓர் இடத்தில் 14 என்றும் இன்னோர் இடத்தில் 3 என்றும் எழுதியிருந்தால், இரண்டும் பிழையல்ல.

ஆல்பம் பட்டியலில் இந்தக் குறை கிடையாது. 'க்ரீன் ரிவர்' (1969), 'காஸ்மோஸ் ஃபாக்டரி' (1970) இரண்டும் முதலிடம் பிடித்தன. பின்னது ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது.

சரி, வாங்க நினைப்பவருக்கு உதவுகிற கணக்குக்கு வருவோம். குழுவின் ஏழு ஸ்டுடியோ ஆல்பங்களிலும் சேர்த்து 65 பாடல்கள். அவற்றில் 20 'க்ரானிக்கிளில்' இருக்கின்றன. ஆனால் அந்த இருபதும் ஏழு ஆல்பங்களிலிருந்தும் சமமாக எடுக்கப்படவில்லை. முதல் ஆல்பத்தின் 8-இல் 2. 'பேயூ கன்ட்ரி'யின் 7-இல் 1. 'க்ரீன் ரிவர்' 9-இல் 4. 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்' 10-இல் 2. 'காஸ்மோஸ் ஃபாக்டரி' 11-இல் 7. 'பெண்டுலம்' 10-இல் 2. 'மார்டி க்ரா' 10-இல் 2.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் பலரும் செய்கிற தவறு: 'க்ரானிக்கிள்' பிடித்துப்போய், அடுத்ததாகப் புகழ் அதிகமான 'காஸ்மோஸ் ஃபாக்டரி'யை வாங்குவது. புதிதாகக் கிடைப்பது நான்கே பாடல்கள். அவற்றில் மூன்று பிறருடைய பழைய பாடல்களின் மறுபாடல். மீதி ஒன்று ஏழு நிமிடத்துக்கு நீளும் 'ராம்பிள் டாம்பிள்'. அது அபாரம்தான். நடுவில் வேகம் தணிந்து, கிட்டார் மட்டும் சுழன்று சுழன்று ஏறி, மறுபடி முதல் வேகத்துக்குத் திரும்பும் இடத்துக்காகவே கேட்கலாம். ஆனாலும் ஒரு பாட்டுக்காக ஒரு தட்டு என்றால் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது வாங்கல் 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்'தான். புதிதாக எட்டுப் பாடல்கள் கிடைக்கும். 'இட் கேம் அவுட் ஆஃப் த ஸ்கை', 'மிட்நைட் ஸ்பெஷல்', 'காட்டன் ஃபீல்ட்ஸ்', கடைசியில் இருட்டாக முடியும் 'எஃபிஜி'. மூன்றாவது 'பேயூ கன்ட்ரி'. ஏழே பாடல்கள், அவற்றில் இரண்டு ஜாம்கள், அதாவது வாசித்துக்கொண்டே நீளும் பாடல்கள். 'கிரேவ்யார்டு ட்ரெயின்' எட்டரை நிமிடம் ஒரே பாஸ் வரியில் ஓடும். பொறுமை இல்லாதவர்களுக்கு அது சோதனை. ஆனால் 'பார்ன் ஆன் த பேயூ'வின் தொடக்கத்தில் ட்ரெமலோ கிட்டார் (ஒலி கூடிக் குறைந்து அதிரும் கிட்டார்) துடிக்கும் அந்தச் சில நொடிகள் சிசிஆர் என்ன குழு என்று சொல்லிவிடும். இத்தனைக்கும் நால்வரும் கலிபோர்னியாவின் எல் செரிட்டோவில் வளர்ந்தவர்கள். சதுப்பு நிலமும் லூசியானாவும், குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ஜான் ஃபோகர்ட்டியின் கற்பனை.

1986-இல் வந்த 'க்ரானிக்கிள்' இரண்டாம் தொகுதியும் 20 பாடல்கள் கொண்டது. விடுபட்டவற்றில் பலவற்றை அது நிரப்புகிறது. 'பார்ன் ஆன் த பேயூ' அதில் இருக்கிறது. ஆனால் 'ராம்பிள் டாம்பிள்' இல்லை, 'எஃபிஜி'யும் இல்லை. இரண்டு தொகுதியும் இருந்தால் எல்லாம் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம்.

முதல் தொகுதியில் எடிட் விஷயத்தில் ஒரு முரண். 'சூசி கியூ' ஆல்பத்தில் எட்டரை நிமிடத்துக்கு மேல். சிங்கிளில் அதை இரண்டாக வெட்டி இரு பக்கத்திலும் போட்டார்கள். 'க்ரானிக்கிளில்' இருப்பது முதல் பாதி மட்டும், நாலரை நிமிடம். ஃபோகர்ட்டியின் குரல் தொலைபேசி வழியாக வருவது போல ஒலிக்கும் பகுதியும் நீண்ட கிட்டார் பகுதியும் முழுமையாக வேண்டுமென்றால் முதல் ஆல்பத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் 'ஐ ஹெர்ட் இட் த்ரூ த க்ரேப்வைன்' 11 நிமிடமும் அப்படியே இருக்கிறது. சிங்கிளாக 1976-இல் சுருக்கி வெளியிட்டார்கள், 43-ஆம் இடம் வரை வந்தது. இரண்டு, இரண்டரை நிமிடப் பாடல்களாக ஓடும் தொகுப்பின் நடுவே திடீரென்று பதினொரு நிமிடம். காரில் போட்டுக் கேட்பவர்கள் அங்கே கை நீட்டி அடுத்த பாட்டுக்குத் தாவுவது இயல்பு. இவ்வளவு இடம் கொடுத்தவர்கள் 'சூசி கியூ'வுக்கும் கொடுத்திருக்கலாம்.

ஒலி எப்படி? இவை ஸ்டீரியோ கலவைகள். நான்கு பேரும் ஒன்றாக வாசித்த அடித்தளத்தின் மேல், குரலையும் பின்னணிக் குரல்களையும் ஜானே பாடிச் சேர்த்தது 'ப்ரவுட் மேரி' காலத்துப் பழக்கம். குழுவுக்குள் மனக்கசப்பு தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கேட்பவருக்கு லாபம். சேர்ந்து பாடும் குரல்கள் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்துவதன் காரணம் அதுதான். அன்றைய ஏஎம் வானொலியில் கேட்ட ஒலி வேண்டுமென்றால் 2009-இல் வந்த 'த சிங்கிள்ஸ் கலெக்‌ஷன்' பக்கம் போகலாம். அதில் சிங்கிளுக்கென்று செய்த மோனோ கலவைகள் இருக்கின்றன. சின்ன ஸ்பீக்கரில் டிரம்ஸும் பாஸும் இன்னும் இறுக்கமாக வரும். ஹெட்ஃபோனில் ஸ்டீரியோவே மேல்.

கிட்டாரில் கூடவே வாசித்துப் பழகுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ப்ரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்' இரண்டிலும் ஃபோகர்ட்டி கிட்டாரை ஒரு முழு ஸ்வரம் இறக்கிச் சுதி கூட்டியிருக்கிறார். அவர் விரல் வைப்பது ஈ கார்டில், கேட்பது டி. வழக்கமான சுதியில் டி கார்டு பிடித்தால் சுதி சேரும், ஆனால் அந்தத் தடித்த கீழ்க் கம்பி ஒலி வராது. ஆறு கம்பிகளையும் இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

பழைய இசைத்தட்டு தேடுபவர்கள் அட்டையின் படத்தை மட்டும் நம்பாமல் ஃபேன்டஸியின் அமெரிக்கப் பதிப்பு எண்களைப் பாருங்கள். முதல் ஆல்பம் 8382, 'பேயூ கன்ட்ரி' 8387, 'க்ரீன் ரிவர்' 8393, 'வில்லி' 8397, 'காஸ்மோஸ்' 8402, 'பெண்டுலம்' 8410, 'மார்டி க்ரா' 9404. 'க்ரானிக்கிள்' சிசிஆர்-2. புதிய தட்டு போதும் என்றால் லண்டனின் ஆபி ரோடு ஸ்டுடியோவில், ஒலி நுணுக்கத்துக்காகப் பாதி வேகத்தில் வெட்டிய பதிப்புகள் இருக்கின்றன.

மேடைப் பதிவுகளில்தான் ஏமாற இடம் அதிகம். 1980-இல் 'த ராயல் ஆல்பர்ட் ஹால் கான்சர்ட்' என்ற பெயரில் ஒரு ஆல்பம் வந்தது. அதில் இருப்பது லண்டன் நிகழ்ச்சியே அல்ல. 1970 ஜனவரி 31 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பதிவானது. தவறு தெரிந்ததும் 'த கான்சர்ட்' என்று பெயர் மாற்றினார்கள். உண்மையான ஆல்பர்ட் ஹால் நிகழ்ச்சி 1970 ஏப்ரல் 14-இல் நடந்தது, ஆல்பமாக வந்தது 2022-இல். இரண்டுமே நல்ல பதிவுகள்தான். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். 1973-இல் வந்த 'லைவ் இன் யூரோப்', இரண்டாவது கிட்டார் வாசித்த ஜானின் அண்ணன் டாம் ஃபோகர்ட்டி விலகிய பின் மூவராகச் சுற்றியபோது எடுத்தது. இரண்டாவது கிட்டார் இல்லாத வெறுமை தெரியும், தவிர்க்கலாம். 'ரீகலெக்‌ஷன்' என்ற பெயரில் பழைய பாடல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும் ஒன்று கண்ணில் பட்டால், குழுவின் பெயரை இன்னொரு முறை படியுங்கள். அது ரிவைவல் அல்ல, ரிவிசிட்டட். பாஸ் வாசித்த ஸ்டூ குக்கும் டிரம்ஸ் வாசித்த டக் கிளிஃபர்டும் 1995-இல் தொடங்கிய வேறு குழு. ஜானின் குரல் அதில் கிடையாது.

'மார்டி க்ரா' பற்றி ஒரு வரி போதும். பத்துப் பாடல்களில் ஆறு குக்கும் கிளிஃபர்டும் எழுதியவை. ஜான் எழுதியவை மூன்று, அவற்றில் உருப்படியான இரண்டு 'க்ரானிக்கிளில்' இருக்கின்றன.

இவ்வளவு பழைய தொகுப்பு இன்றும் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் எப்படி நிற்கிறது? பில்போர்டு 200-இல் 700 வாரங்களுக்கு மேல் இருந்திருக்கிறது. இதில் பெரும்பகுதி 2009-க்குப் பிறகு சேர்ந்தது. 1991 முதல் 2009 வரை, கீழே இறங்கிவிட்ட பழைய ஆல்பங்களைப் பிரதான பட்டியலில் சேர்க்காமல் தனிப் பட்டியலுக்குத் தள்ளியிருந்தார்கள். 2009 டிசம்பரில் அந்தத் தடை நீங்கியது. 2014 இறுதியில் ஸ்ட்ரீமிங்கும் கணக்கில் வந்தது. 2018 முதல் 2025 வரை இருந்த கணக்கின்படி கட்டணச் சந்தாவில் 1,250 முறை கேட்டாலோ, விளம்பரத்தோடு இலவசமாக 3,750 முறை கேட்டாலோ ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே பாட்டு பல ஆல்பங்களில் இருந்தால், பொதுவாக நன்றாக விற்கும் ஆல்பத்தின் கணக்கில்தான் அது சேரும். 'ஃபார்ச்சுனேட் சன்'னையோ 'ஹேவ் யூ எவர் ஸீன் த ரெயின்'னையோ அமெரிக்காவில் யார் கேட்டாலும் புள்ளி 'வில்லி'க்கோ 'பெண்டுல'த்துக்கோ போகாமல் 'க்ரானிக்கிளு'க்குப் போகிறது. ஆகவே அந்த வாரக் கணக்கை, யாரோ இன்னும் கடைக்குப் போய்த் தட்டு வாங்குகிறார்கள் என்று படிக்கக் கூடாது. ஒரு கோடிப் பிரதியைத் தாண்டியதற்கான டயமண்ட் சான்றிதழுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பணம் யாருக்குப் போகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பாடல்களின் உரிமை நீண்ட காலம் ஃபேன்டஸியின் சால் ஸேன்ட்ஸ் கையில் இருந்தது. ஃபோகர்ட்டி தன் பழைய பாட்டைத் தானே திருடியதாக வழக்குப் போட்டதும் அதே நிறுவனம்தான். கிட்டாரோடு சாட்சிக் கூண்டில் ஏறி வாசித்துக் காட்டி 1988-இல் அவர் ஜெயித்தார். 2023 ஜனவரியில் அந்தப் பாடல் உரிமையின் பெரும்பங்கு அவரிடம் வந்தது. 2025-இல் சிசிஆர் பாடல்களில் இருபதை மறுபடி பாடி 'லெகசி' என்று வெளியிட்டார். எண்பது வயதுக் குரல் வியக்க வைக்கிறது. ஆனால் முதல்முறை கேட்பவர்கள் அதில் தொடங்க வேண்டாம். 1969-இல் அந்த நால்வரும் வாசித்த இறுக்கம் பழைய பதிவில்தான் இருக்கிறது.