விதை மஞ்சளில் ரூ.44,000 போச்சு: பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து ஆட்கள் கவனிக்கவும்

நேற்று காலையில்தான் மஞ்சள் ஊன்றிய பாரை, அதாவது மண் அணைத்த மேட்டு வரிசையை, கிளறிப் பார்த்தேன். கையில் எடுத்த கிழங்கு ராகிக்களி மாதிரி நசுங்கியது, நாற்றம் வேறு. அந்தக் கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் நான் குறை வைக்கவில்லை. தண்ணீர் நிற்காத செம்மண் காடு, ஒரு ஏக்கர். நாலு உழவு ஓட்டி, கடைசி உழவில் பத்து டன் தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் போட்டு, ஒன்றரை அடிக்குப் பார் பிடித்தேன். விதைதான் பற்றவில்லை. வீட்டில் 100 கிலோதான் இருந்தது.

வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டு விற்கிற ஒரு விதை மஞ்சள் வியாபாரி. கிடங்குக்கு நேரிலேயே போனேன், அதுதான் வயிற்றெரிச்சல். மேல் மூட்டையைப் பிரித்து, ஒரு விரலியை, அதாவது விரல் மாதிரி நீண்ட கிழங்கை, ஒடித்து, "பாருங்கண்ணா, உள்ள கேரட் மாதிரி இருக்கு. எங்க காட்டுலயும் இதைத்தான் போட்டிருக்கோம்" என்றான். ரகம் கேட்டால் பி.எஸ்.ஆர்-2 என்றான். டீ வரவழைத்தான். அந்த டீயில் விழுந்துவிட்டேன். கிலோ ரூ.55, 800 கிலோ, மொத்தம் ரூ.44,000, அங்கேயே ஜிபே. பில்லா? "மெஷின் ரிப்பேருண்ணா, வாட்ஸ்அப்ல அனுப்பறேன்."

வைகாசிக் கடைசியில் நடவு. அன்றைக்குத்தான் மூட்டைகளைக் கொட்டினோம். பாதி மூட்டைகளில் அடியில் இருந்த கிழங்கு ஈரம், மேலே வெள்ளை வெள்ளையாய்ச் செதில் பூச்சி. ஆட்கள் வந்து நிற்கிறார்கள், என்ன செய்ய? பொறுக்கி எடுத்து, மருந்தில் அரை மணி நேரம் ஊறப்போட்டு நட்டோம். அன்றைக்கே வண்டி ஏற்றித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். என் மடத்தனம்.

முப்பது நாளாயிற்று. வீட்டு விதை ஊன்றிய ஓரத்துப் பார்கள் வரிசை பிடித்து முளைத்திருக்கின்றன. ரூ.44,000 ஊன்றிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்.

போன் செய்தேன். முதல் நாள், "மழை ஜாஸ்தி, பத்து நாள் பாருங்கண்ணா." அடுத்து, "விதை நேர்த்தி, அதான் மருந்துல ஊறவைக்கிறது, சரியாப் பண்ணீங்களா?" போட்டோ அனுப்பியதும், "உங்க மண்ணு சரியில்லைங்க." அதே மண்ணில்தானய்யா ஓரத்துப் பார் முளைத்திருக்கிறது! அதற்குப் பதில் இல்லை. 'அண்ணா' போய் 'ங்க' ஆனதைக் கவனியுங்கள். அப்புறம் முதலாளி ஊரில் இல்லை, அப்புறம் நம்பரே பிளாக்.

விதைத் தேர்விலிருந்து ஊடுபயிர் வெங்காயம் வரை விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. மேல் மூட்டையை நம்பாதீர்கள், எல்லா மூட்டையையும் கொட்டிப் பாருங்கள். பில் இல்லாமல் காசு தராதீர்கள். முடிந்தால் பக்கத்துக் காட்டில் நோயில்லாமல் விளைந்ததை அறுவடையின்போதே பேசி வாங்கிவிடுங்கள். அவ்வளவுதான்.

மச்சான் போனில் அந்த வியாபாரியின் ஸ்டேட்டஸ் தெரிகிறது. இன்று காலையும் அதே குவியல், அதே ஒடித்த விரலி: "கொஞ்சம்தான் ஸ்டாக் இருக்கு, முந்துங்கள்."