பட்டு வேட்டியா, ஷெர்வானியா?

மாப்பிள்ளைக்கு எது எடுப்பது என்று என்னைக் கேட்டால், முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டிதான், யோசிக்கவே வேண்டாம். ஓமத்துக்கு முன்னால் நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், புகையும் வெக்கையும் நேரே முகத்தில் அடிக்கும், அங்கே போய் உள்துணி வைத்துத் தைத்து, கழுத்து வரை பொத்தான் போட்ட ஷெர்வானியை மாட்டினால் மூச்சு முட்டிவிடும். சேலம் வெண்பட்டு கிடைத்தால் விடாதீர்கள், புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது. 8 முழமாக எடுங்கள், ஏறக்குறைய 3.6 மீட்டர் வரும். இரட்டையாக மடித்துக் கட்டினால் உள்ளே தெரியாது, ஜரிகைக் கரையும் கணுக்கால் வரை நேராக விழும். பட்டு வழுக்கும், அதனால் இடுப்பில் ஒரு பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஷெர்வானி வரவேற்புக்குச் சரி. 19-ஆம் நூற்றாண்டில் வட இந்திய முஸ்லிம் பிரபுக்களிடையே பரவி, ஹைதராபாத் நிஜாம் அரசவை வரை போன உடுப்பு, மேடையில் நின்று படம் எடுக்க எடுப்பாக இருக்கும். ஆனால் தோள் அளவு அரை அங்குலம் தப்பினாலும் காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் பெரும்பாலும் அலமாரியில்தான் கிடக்கும். வேட்டியைத் தம்பி கல்யாணத்துக்கும் கட்டலாம், பொங்கலுக்கும் கட்டலாம்.