60 ரூபாய் ஸ்டீல் ஸ்கேல், எட்டு மாதம் கழித்து

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கிய 30 சென்டிமீட்டர் ஸ்கேல் இது. எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் தொழில். தஞ்சாவூர் ஓவியம், கல்யாண போட்டோ, மாலை போட வேண்டிய தாத்தா படம் என்று எல்லாம் வரும்.

வாங்கவைத்தது ஒரு கண்ணாடி. அதுவரை மகளுடைய பிளாஸ்டிக் ஸ்கேல்தான். அதில் பூஜ்யக் கோட்டுக்கு முன்னால் நாலு மில்லி வெறுமனே இருக்கும். சட்டத்தின் காடி, அதாவது கண்ணாடி உட்காரும் பள்ளம், 242 மில்லி; கண்ணாடியை 240 வெட்ட வேண்டும். அவசரத்தில் ஸ்கேலின் முனையையே விளிம்போடு ஒட்டிவைத்து 240-இல் கோடு போட்டுவிட்டேன். வெட்டினால் 244. காடியில் இறங்கவில்லை. நாலு மில்லியை மட்டும் நறுக்கி எடுக்கப் பார்த்தேன், கண்ணாடி கேட்குமா? விரிசல் குறுக்கே ஓடிவிட்டது.

இந்த ஸ்கேலில் முனையே பூஜ்யம். கடையிலேயே ஏடிஎம் கார்டை வைத்துப் பார்த்தேன். அதன் நீளம் 85.6 மில்லி. கார்டு 85-க்கும் 86-க்கும் நடுவில், பாதியைச் சற்றுத் தாண்டி நின்றது. ஏ4 தாளையும் கேட்டேன், 297 சரியாக வந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கோடுகள் அச்சடித்தவை அல்ல, செதுக்கியவை. நகத்தால் தடவினால் தட்டுப்படும். வியர்வைக் கையில் எட்டு மாதமாகியும் அழியவில்லை. தகடு மெலிசு என்பதால் கோடு பொருளோடு ஒட்டியே நிற்கிறது. தடித்த மர ஸ்கேலில் கண் கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு மில்லி கூடும், குறையும்.

குறைகளும் உண்டு. ட்யூப் லைட் வெளிச்சத்தில் பளபளத்து எண் தெரியாது. கண்ணாடி மேல் வழுக்கும். அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒட்டினேன், வழுக்கல் நின்றது. ஆனால் ஸ்கேல் உயர்ந்துவிட்டதால் அளவு படிப்பது தடுமாறியது. பிய்த்துப் போட்டுவிட்டேன்.

மறுபக்கம் இஞ்ச். அது அப்பாவுக்கு. அவர் இன்னும் நூல் கணக்குதான், இஞ்சில் எட்டில் ஒன்று. "ஒரு நூல் குறைச்சு வெட்டுடா" என்பார். அது மூன்று மில்லிக்குக் கொஞ்சம் மேல், கண்ணாடி காடிக்குள் ஆடும்.

போன மாதம் சிமெண்ட் தரையில் விழுந்து பூஜ்ய முனை மழுங்கிவிட்டது. இப்போது 10 மில்லிக் கோட்டில் ஆரம்பித்து, 240 வேண்டுமென்றால் 250-இல் குறிக்கிறேன். ஒரு தடவை பழக்கதோஷத்தில் 240-லேயே குறித்துவிட்டேன். நல்லவேளை, அது கண்ணாடி இல்லை, படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டை.