காரைக்காலில் பிரெஞ்சுக் கடிதம் எழுத நல்ல இடம்

பாகப்பிரிவினை விஷயமாக பிரான்ஸில் இருக்கும் அத்தை பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் போக வேண்டியிருந்தது. காரைக்கால், புதுச்சேரிப் பகுதிகளை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துப் போன குடும்பம் அது, பிள்ளைகளுக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் வராது. வக்கீல் இங்கிலீஷில் எழுதித் தந்ததை முதலில் வேறொரு இடத்தில் கொடுத்தோம், அகராதியைப் பார்த்து சொல்லுக்குச் சொல் மாற்றித் தந்துவிட்டார்கள். மனசு கேட்காமல்தான் அரசலாற்றுப் பக்கம் வீட்டிலேயே மொழிபெயர்த்துத் தரும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியரிடம் போனேன்.

சார் முதலில் விரல் வைத்த இடம் ‘என் சொந்த வீடு’. பிரெஞ்சில் ‘ப்ரோப்ர்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் சொந்தம், பின்னால் வந்தால் சுத்தம். ‘மா ப்ரோப்ர் மேஸோன்’ என்று இருக்க வேண்டியது ‘மா மேஸோன் ப்ரோப்ர்’ என்று கிடந்தது. உரிமை கேட்கும் கடிதத்தில் என் வீடு சுத்தமானது என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? ‘ப்யூர்’ என்பதும் இதே கதைதான், முன்னால் வந்தால் பச்சைப் பொய் என்கிறோமே அந்தப் ‘பச்சை’, பின்னால் வந்தால் தூய தண்ணீர், தூய காற்று. சரி, எல்லாவற்றையும் முன்னால் போட்டுவிடலாம் என்றால் ‘மேம்’ தலைகீழ். ‘லெ மேம் ஜூர்’ என்றால் ஒரே நாள், ‘லெ ஜூர் மேம்’ என்றால்தான் அன்றைக்கே. அப்பா இறந்த அன்றைக்கே பூட்டை உடைத்தார்கள் என்ற வரியில் எங்களுக்கு வேண்டியது அந்த ‘ஏ’தான்!

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கிலீஷ் தாளை ஒதுக்கிவிட்டு, “தமிழ்ல சொல்லுங்க தம்பி, எதை அழுத்திச் சொல்றீங்க?” என்று வரிக்கு வரி கேட்டார். இங்கிலீஷ் ‘வெரி’ ஒரு இடத்தில் ‘மிக’, இன்னொரு இடத்தில் ‘அதே’. நாம் தமிழில் சொன்னதும் எது என்று தெளிவாகிவிடுகிறது.

கையால்தான் எழுதித் தருவார், டைப் அடிப்பது நம் பாடு, எழுத்தின் மேல் வரும் குறிகள் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. அவசரக்காரர்களுக்கு இவர் சரிப்பட மாட்டார். அப்புறம், அவரிடம் முத்திரை கிடையாது. பிறப்பு, திருமணச் சான்றிதழ் மாதிரி பிரெஞ்சு அரசு அலுவலகத்துக்குப் போகும் தாள்களை அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும், இதை அவரே முதலில் சொல்லிவிடுகிறார். சொந்தக்காரர்களுக்குப் போகும் கடிதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இவரிடம் கொடுக்கலாம். காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கிறது, சாயங்காலமாகப் போங்கள்.