தோடர் மந்தா, தோடர் சால்வையா?

ஊட்டிக்குப் போகிறவர்கள் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்துக்கு, அதாவது அவர்களுடைய குடியிருப்புக்குப் போகலாம். வளைந்த கூரை வீட்டின் முன் ஒரு செல்ஃபி, அப்புறம் கிளம்பிவிடலாம். குடியிருப்பவர்களுக்கு இதில் என்ன லாபம்? பெரும்பாலும் தொந்தரவுதான்.

இன்னொன்று, பூத்துக்குளி என்ற அவர்களுடைய சால்வையை வாங்குவது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், கோடு எதுவும் வரையாமல், இழையை எண்ணி எண்ணிப் பெண்கள் கையால் தைப்பது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். மெஷினில் அடித்த போலி மலிவாகக் கிடைக்கும், பார்த்து வாங்குங்கள்.

என் ஓட்டு சால்வைக்கே. ஆனால் ஒன்று: அவர்களுடைய எருமைகள் மேயும் புல்வெளி சுருங்குவதைச் சால்வை விற்பனை தடுக்காது.